வேவ்கைடுக்குள் போகும் நூறு பங்கில் கண்ணுக்கு வருவது எத்தனை?

கேள்வி இது: "ஏஆர் கண்ணாடியில் (எதிரே தெரியும் காட்சியின் மேலேயே படத்தைக் காட்டும் மூக்குக்கண்ணாடி) இருக்கும் வேவ்கைடு, ப்ரொஜெக்டர் தரும் ஒளியில் 1 சதவீதத்தைக்கூடக் கண்ணுக்குக் கொண்டுவருவதில்லை என்கிறார்கள். கிரேட்டிங்கை இன்னும் நன்றாக வடிவமைத்தால் இதை 50 சதவீதத்துக்கு ஏற்ற முடியாதா?"

முடியாது. 50 வேண்டாம், 10 சதவீதம்கூடக் கஷ்டம். ஆனால் இன்று கிடைப்பதைப் போல நாலைந்து மடங்கு வரை ஏற்ற வழி இருக்கிறது, அதில் கிரேட்டிங்கின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒளி போவதில் பெரும்பகுதி வடிவக் கணக்கில்தான் போகிறது. அதனால் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, நூறு பங்கு ஒளியை உள்ளே அனுப்பி, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு கழிகிறது என்று எழுதிப் பார்ப்போம்.

முதலில் சாதனம். வேவ்கைடு என்பது அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள கண்ணாடித் தகடு. பிரேமின் ஓரத்தில் ஒரு குட்டி ப்ரொஜெக்டர். அதன் ஒளி தகட்டில் விழும் இடத்தில் இன்கப்ளர் என்ற கிரேட்டிங், அதாவது பள்ளிப் பாடத்தில் கீற்றணி என்று படித்த அதே சங்கதி, கோடுகளுக்கிடையே 400 நானோமீட்டர் அளவு இடைவெளியோடு. அது ஒளியைச் சாய்த்துத் தகட்டுக்குள் தள்ளுகிறது. சாய்வு மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிவிட்டால் முழு அக எதிரொளிப்பு; ஒளி மேலும் கீழும் முட்டிக்கொண்டே கண்ணுக்கு நேரே உள்ள இடத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே அவுட்கப்ளர் என்ற இன்னொரு கிரேட்டிங், ஒவ்வொரு முட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளியை வெளியே விடுகிறது. ஒரே படத்தின் நகல்கள் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக வெளியே வருவதால், கண் கொஞ்சம் அசைந்தாலும் படம் மறையாது. கண் எந்தப் பரப்புக்குள் இருந்தால் படம் தெரியுமோ அதற்குப் பெயர் ஐபாக்ஸ்.

கணக்கைப் பின்னாலிருந்து தொடங்குகிறேன், காரணம் மிகப் பெரிய வெட்டு அங்கேதான். ஐபாக்ஸ் 10 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 80 சதுர மி.மீ. கண்பாவையின் விட்டம் 3 மி.மீ. என்றால் அதன் பரப்பு சுமார் 7 சதுர மி.மீ. ஆக, ஐபாக்ஸுக்குள் வந்து சேர்ந்த ஒளியிலும் 9 சதவீதம்தான் கண்ணுக்குள் போகும். மீதி 91 சதவீதம் இமையிலும் வெள்ளை விழியிலும் விழுந்து வீணாகும். அத்தனையும் முகம் சற்று நகர்ந்தாலும் படம் தெரிய வேண்டும் என்பதற்காக நாம் கட்டும் காப்பீட்டுத் தொகை. உலகத்திலேயே குறையில்லாத வேவ்கைடு கிடைத்தாலும் இந்த 9 சதவீதம் மாறாது. உங்கள் 50 சதவீதக் கனவு இங்கேயே கலைந்துவிடுகிறது.

இதற்கு முந்தைய படி. ஐபாக்ஸ் 10 மி.மீ. அகலம்தான் என்றாலும், அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இல்லை, 20 மி.மீ. தள்ளி இருக்கிறது. பார்வைக் கோணம் அகலவாக்கில் 30 டிகிரி, உயரவாக்கில் 17 டிகிரி என்றால், படத்தின் ஓரங்களிலிருந்து வரும் கதிர்களும் ஐபாக்ஸை எட்ட வேண்டுமே, அதற்கு அவுட்கப்ளர் 20.7-க்கு 14 மி.மீ. அளவாவது இருக்க வேண்டும். பரப்பு சுமார் 290 சதுர மி.மீ. அவுட்கப்ளரின் எல்லா இடத்திலிருந்தும் எல்லாக் கோணத்திலும் ஒளி வெளியே வருகிறது என்றால், ஐபாக்ஸைத் தொடுவது 80-ஐ 290-ஆல் வகுத்த பங்கு, அதாவது 28 சதவீதம். மற்றது மூக்குக்கும் கன்னத்துக்கும் போகிறது.

அப்புறம் திசை. சாதாரணமான, இருபுறமும் சமச்சீரான கிரேட்டிங் ஒளியை இரண்டு பக்கமும் விடும்: பாதி கண்ணுக்கு, பாதி வெளியுலகுக்கு. எதிரே நிற்பவருக்கு உங்கள் கண்ணாடி பச்சையாக மின்னுவது இந்தப் பாதிதான். பார்க்க அசிங்கம், அதோடு நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பதும் அவருக்குக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒளி உள்ளே நுழையும் இடம். இங்கே நின்று பேச நிறைய இருக்கிறது.

நான் முதன்முதலில் ஒரு இன்கப்ளரை அளந்தபோது, மெல்லிய லேசர் கதிரை அதன் உள் ஓரத்தில், அவுட்கப்ளரைப் பார்த்த பக்கத்தில், விழ வைத்தேன். 70 சதவீதம் உள்ளே போனது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு உண்மையான ப்ரொஜெக்டரைப் பொருத்தி, 4 மி.மீ. அகலக் கற்றையை முழுதாக விட்டேன். 30-ஐக்கூட எட்டவில்லை. கிரேட்டிங் அழுக்காகிவிட்டதோ என்று துடைத்து வேறு பார்த்தேன். தப்பு அதில் இல்லை, என் கணக்கில்தான்.

நடப்பது இது. பச்சை ஒளி, 520 நானோமீட்டர். கோடுகளின் இடைவெளி 380. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.8. 520-ஐ 380-ஆலும் 1.8-ஆலும் வகுத்தால் 0.76, அது 49.5 டிகிரியின் சைன். தகட்டின் தடிமன் 0.5 மி.மீ. என்றால், கீழே போய் மேலே திரும்பி வருவதற்குள் ஒளி பக்கவாட்டில் நகர்வது 1.17 மி.மீ. மட்டும். ஆனால் இன்கப்ளர் 4 மி.மீ. அகலம்! உள்ளே நுழைந்த ஒளி ஒரு முட்டு முட்டித் திரும்பும்போது தலைக்கு மேலே அதே இன்கப்ளர் காத்திருக்கிறது. 70 சதவீதத்தை உள்ளே பிடிக்கும் கிரேட்டிங், திரும்பி வரும் ஒளியில் அதிகபட்சம் 30 சதவீதத்தைத்தான் அதே பாதையில் தொடர விடும். எவ்வளவு ஆசையாகப் பிடிக்கிறதோ அவ்வளவு ஆசையாகத் தூக்கி எறியும். இது வடிவமைப்பில் நேர்ந்த பிழை அல்ல. உள்ளே தொடரும் அந்த ஒரே பாதையைப் புதிதாக வரும் ஒளியும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒளியும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஆற்றல் அழிவின்மை விதி இரண்டின் கூட்டும் நூறைத் தாண்ட விடாது.

ஆக, அவுட்கப்ளருக்குப் பக்கத்திலுள்ள 1.17 மி.மீ. பட்டையில் நுழைந்தது மட்டும் 70 சதவீதத்தோடு தப்புகிறது. அடுத்த பட்டையில் நுழைந்தது ஒரு முறை மறுபடி முட்டி 21 ஆகிறது. அதற்கடுத்தது 6 சொச்சம். கடைசி ஓரத்தில் 2. அகலம் முழுவதற்கும் சராசரி போட்டால் 29. எனக்குக் கிடைத்த ஏமாற்றம் இந்த 29-தான்.

இப்போது சங்கிலியைப் பெருக்குங்கள். 100 பங்கில் இன்கப்ளரைத் தாண்டுவது 29. கண் பக்கம் வருவது 14.5. ஐபாக்ஸுக்கு வருவது 4. கண்பாவைக்குள் போவது 0.36. நீங்கள் சொன்ன "1 சதவீதத்துக்கும் கீழே" வந்துவிட்டது, இத்தனைக்கும் நடுவில் ஒளியைத் திருப்பும் மடிப்பு கிரேட்டிங், அவுட்கப்ளரைத் தாண்டி வீணாகும் எச்சம், கண்ணாடியின் உறிஞ்சல் எதையும் நான் சேர்க்கவில்லை.

இதே விஷயத்தை நிட்ஸில், அதாவது திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகில், சொல்பவர்கள் உண்டு. ப்ரொஜெக்டர் தரும் 1 லூமன் (மொத்த ஒளியை அளக்கும் அலகு), 80 சதுர மி.மீ. ஐபாக்ஸிலும் 30-க்கு 17 டிகிரி பார்வைக் கோணத்திலும் ஒரு துளி சிந்தாமல் சமமாகப் பரவினால் சுமார் 80,000 நிட்ஸ் வரும். இது கணித உச்சம். கிரேட்டிங் வகை வேவ்கைடுகள் நடைமுறையில் தருவது லூமனுக்குச் சில நூறு நிட்ஸ். யாராவது உங்களிடம் "எங்கள் வேவ்கைடு லூமனுக்கு இத்தனை நிட்ஸ்" என்று பெருமையாகச் சொன்னால், பார்வைக் கோணம் எவ்வளவு, ஐபாக்ஸ் எவ்வளவு என்று உடனே கேளுங்கள். அந்த இரண்டும் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. கோணத்தை இரு பக்கமும் பாதியாக்கினால் ஒன்றும் செய்யாமலே பிரகாசம் நாலு மடங்காகும்.

சரி, எங்கே கைவைக்கலாம்?

இன்கப்ளரில்தான் முதலில். மேலே போட்ட கணக்கில் கற்றையின் அகலத்தை 4-லிருந்து 2 மி.மீ. ஆக்குங்கள்: 29 என்பது 50 ஆகிவிடும். அகலத்தை விட்டுவிட்டுத் தகட்டை 1 மி.மீ. ஆக்கினாலும் அதே 50. இரண்டும் ஒரே விகிதம்தான். தடிமன் கூடினால் எடை கூடும், மூக்கு வலிக்கும். அதனால் எல்லோரும் குட்டி ப்ரொஜெக்டரை நோக்கி ஓடுகிறார்கள். கற்றை மெலிந்தால் நகல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து படம் பட்டை பட்டையாகத் தெரியும் என்பது அதன் மறுபக்கம்.

இதைவிட நுணுக்கமான வழி, ஒளியின் தளவிளைவை, அதாவது ஒளியலை அதிரும் திசையை, மாற்றுவது. நான் சொன்ன பங்குபோடும் விதி ஒரே தளவிளைவுக்குத்தான் பொருந்தும். இன்கப்ளரை ஒரு தளவிளைவை மட்டும் பலமாகப் பிடிக்கும்படி செய்து, தகட்டின் அடிப்பக்கத்தில் தளவிளைவைத் திருப்பும் படலம் ஒன்றைப் போட்டால், முட்டித் திரும்பும் ஒளி வேறு வேஷத்தில் வரும். கிரேட்டிங் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காகிதத்தில் அழகு. எல்லாக் கோணத்துக்கும் மூன்று நிறத்துக்கும் சரியாகத் திருப்பும் படலம் செய்வதுதான் பாடு. இரண்டாவது முறை முட்டும்போது வேஷம் பழையபடி மாறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே இது மெல்லிய கற்றையோடு சேர்ந்தால்தான் முழுப் பலன் தரும்.

மூன்றாவது, இன்கப்ளர் முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை விடுவது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் இன்கப்ளரை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மெட்டாசர்ஃபேஸ் (ஒளியைத் திருப்பும் நானோ அளவு அமைப்புகள் நிறைந்த பரப்பு) அமைத்துக் காட்டினார்கள். உள்ளே பிடிப்பது ஒரு வேலை, பிடித்ததைத் தொலைக்காமல் வைத்திருப்பது இன்னொரு வேலை. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பார்வைக் கோணம் முழுவதற்குமான சராசரி சுமார் 30 சதவீதம் வந்தது, கணினிக் கணிப்பு 31. மிகச் சிறந்த ஆய்வகம் ஒன்று 30-ஐ வெற்றியாகச் சொல்கிறது என்பதிலிருந்தே இந்த ஒரு படி எவ்வளவு கடினம் என்று புரியும்.

அடுத்தது வெளியே போகும் பாதி. இதில் லாபம் தெளிவு: ஒரு பக்கத்தைப் பார்த்துச் சாய்ந்த கோடுகளோ, ரம்பப் பல் மாதிரியான கோடுகளோ செய்தால் ஒளியின் பெரும்பகுதியைக் கண் பக்கமே திருப்பலாம். 50 என்பதை 90 ஆக்கினால் பிரகாசம் கிட்டத்தட்ட இரட்டிப்பு, எதிரே நிற்பவருக்கும் தொல்லை இல்லை. தயாரிப்பில்தான் சிக்கல். நானோ அச்சு முறையில் அச்சை இழுத்து எடுக்கும்போது சாய்ந்த கோடுகள் மாட்டிக்கொண்டு உடையும். என்னைக் கேட்டால், செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பலன் தரும் இடம் இதுதான். ஆனால் அறிக்கைகளில் இன்கப்ளர் எண்ணுக்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது.

அவுட்கப்ளரில் இன்னொரு சமாச்சாரம். ஒளி 5 முறை முட்டி வெளியேற வேண்டும், 5 நகலும் ஒரே பிரகாசமாக இருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு முட்டலிலும் வெளிவிட வேண்டிய பங்கு 20, 25, 33, 50, 100 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒரே பங்காக வைத்தால் மூக்குப் பக்கம் ஒரு பிரகாசம், காதுப் பக்கம் ஒரு பிரகாசம். ஆனால் கடைசி கிரேட்டிங்கை 100 சதவீதத்துக்குப் பலமாக்கினால், தெருவிளக்கையும் அது வளைத்து வானவில் காட்டும். எனவே முழுதாக எடுக்காமல் எச்சத்தை ஓரத்துக் கறுப்புப் பூச்சில் சாக விடுகிறார்கள். அந்த எச்சம் தெரிந்தே செய்யும் செலவு.

நிறங்களும் சேர்ந்து கழுத்தறுக்கும். மேலே சொன்ன அதே 380 நானோமீட்டர் கிரேட்டிங்கில் 460 நானோமீட்டர் நீலம் 0.91 மி.மீ.க்கு ஒரு முறை முட்டும். 630 நானோமீட்டர் சிவப்பு 2.36 மி.மீ.க்கு ஒரு முறை. ஒரே நீளத்தில் நீலம் இரண்டரை மடங்கு அதிக முறை அவுட்கப்ளரைத் தொடுகிறது, அதனால் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. வெள்ளை நிறப் படம் ஒரு ஓரத்தில் நீலமாகவும் மறு ஓரத்தில் சிவப்பாகவும் தெரிவதற்கு இது ஒரு காரணம். இதைச் சரிசெய்யச் சிலர் நிறத்துக்கு ஒரு தகடு வைக்கிறார்கள். மற்றவர்கள் மென்பொருளில் பிரகாசமான இடத்தை மங்கவைத்துச் சமன் செய்கிறார்கள். பின்னது திறனை மேலும் தின்னும், அது யார் கொடுக்கும் விவரத்தாளிலும் இருக்காது.

ஒளிவிலகல் எண் உயர்ந்த பொருள் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மெட்டா 2024 செப்டம்பரில் காட்டிய ஓரியன் மாதிரிக் கண்ணாடியில் சிலிக்கான் கார்பைடு தகடு. அதன் எண் 2.6-க்கு மேல், பார்வைக் கோணம் சுமார் 70 டிகிரி. உயர்ந்த எண் கோணத்தைக் கூட்டுவது உண்மை. ஆனால் ஒளித்திறனுக்கு அது தானாக உதவாது. 1.8 எண்ணுள்ள கண்ணாடியில் மாறுநிலைக் கோணம் 33.7 டிகிரி, 2.6-ல் 22.6 டிகிரி. அந்த விளிம்புக் கோணத்தில் போகும் ஒளி 0.5 மி.மீ. தகட்டில் 0.42 மி.மீ.க்கு ஒரு முறை முட்டும். இன்கப்ளரில் திரும்ப மாட்டிக்கொள்வது முன்னைவிட அதிகம். வெறும் பரப்பிலேயே கிட்டத்தட்ட 20 சதவீத ஒளி எதிரொளித்துப் போகும் என்பதால் அதைத் தடுக்கும் பூச்சும் கட்டாயம்.

கிரேட்டிங்கே வேண்டாம், தகட்டுக்குள் சாய்ந்த அரைக் கண்ணாடிகளை (ஒளியில் ஒரு பங்கை மட்டும் எதிரொளிப்பவை) புதைக்கலாம் என்பது இன்னொரு சாராரின் வழி. இஸ்ரேலின் லூமஸ் நிறுவனம் நெடுங்காலமாக இதைத்தான் செய்கிறது. நிறத்துக்கு நிறம் கோணம் மாறாது, ஒளி வெளியே சிந்துவது குறைவு, லூமனுக்குக் கிடைக்கும் நிட்ஸ் கிரேட்டிங் வகையைவிட நன்றாகவே கூடுதல். 2025-ல் வந்த மெட்டா ரே-பான் டிஸ்ப்ளேயும் இந்தப் பிரதிபலிப்பு வகைதான். 5,000 நிட்ஸ் வரை தருகிறது, வெளியே கசிவது 2 சதவீதம் என்கிறார்கள். ஆனால் அதன் பார்வைக் கோணம் 20 டிகிரி. 70 டிகிரிப் படத்தோடு ஒப்பிட்டால் ஒளி பரவ வேண்டிய இடம் ஏறக்குறைய 12-ல் ஒரு பங்கு. அந்த 5,000-ல் எவ்வளவு கண்ணாடிப் பொறியியலின் சாதனை, எவ்வளவு சின்னப் படத்தின் சலுகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்கு அது புத்திசாலித்தனமான தேர்வாகவே படுகிறது. செய்தியும் வழிகாட்டலும் காட்ட 20 டிகிரி போதும்.

வேவ்கைடைப் பற்றி மட்டும் கேட்டீர்கள், ஆனால் ஒளியை அதற்குக் கொடுப்பவனையும் பார்க்காமல் விட முடியாது. சில ப்ரொஜெக்டர்களில் இருக்கும் மைக்ரோஎல்இடி, அதாவது பிக்சலுக்கு ஒன்றாகத் தானே ஒளிரும் குட்டி எல்இடி, எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறடிக்கும். அச்சிலிருந்து 14.5 டிகிரிக்குள் வருவதை மட்டும் லென்ஸ் பிடிக்கிறது என்றால், கிடைப்பது அந்தக் கோணத்தின் சைனின் வர்க்கம்: 6 சதவீதம். வேவ்கைடைத் தொடும் முன்பே 94 போய்விட்டது! ஒவ்வொரு பிக்சல் மேலும் நுண்லென்ஸ் வைத்தோ, அதற்குள்ளேயே ஒளி ஒத்திசையும் குழி அமைத்தோ ஒளியைக் குவித்து அனுப்பினால் கிடைக்கும் லாபம், அவுட்கப்ளரில் ஒரு வருடம் உழைத்துக் கிடைப்பதைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். தானே ஒளிராமல், தன்மேல் விழும் எல்இடி ஒளியை எதிரொளித்துப் படமாக்கும் எல்காஸ் வகைப் பேனலில் வேறு கதை: அதற்கு ஒரே தளவிளைவுதான் வேண்டும், எல்இடியின் பாதி ஒளியைத் திருப்பிப் பயன்படுத்தாவிட்டால் அது அங்கேயே போச்சு. படத்தில் 10 சதவீத பிக்சல் மட்டும் எரிந்தாலும் எல்காஸுக்கு ஒளி தரும் விளக்கு முழுதாக எரியும்; மைக்ரோஎல்இடியில் எரிவது அந்த 10 மட்டும். பேட்டரியைப் பொறுத்தவரை திறன் என்பது இதையும் சேர்த்துத்தான்.

கணக்கை மறுபடி போடுவோம். கற்றை மெலிந்து இன்கப்ளர் 50, சாய்ந்த கோடுகளால் கண் பக்கம் 90 சதவீதம், அவுட்கப்ளரின் ஒவ்வொரு இடமும் ஐபாக்ஸை நோக்கும் கோணத்தில் மட்டும் பலமாக விடும்படி அமைத்து அந்த 28-ஐ 40 ஆக்கினோம் என்று வையுங்கள். ஐபாக்ஸுக்கு 4 வந்த இடத்தில் 18 வரும். கண்ணுக்குள் 1.6. நாலரை மடங்கு. 9 சதவீதக் காப்பீட்டைத் தொட வேண்டுமானால் கண் எங்கே இருக்கிறது என்று கேமராவால் பின்தொடர்ந்து அங்கே மட்டும் ஒளியைத் திருப்ப வேண்டும்; ஆய்வகத்தில் செய்கிறார்கள், பிரேமுக்குள் அடக்குவது இன்னும் பாடு.

ஒரு மலிவான வழியும் உண்டு, பொறியாளர்கள் இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். வெயிலில் எதிரே உள்ள காட்சி 3,000 நிட்ஸ், கண்ணாடி 85 சதவீதம் உள்ளே விடுகிறது, படம் 500 நிட்ஸ் என்றால், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதம் வெறும் 1.2. முன்னால் ஒரு கூலிங்கிளாஸ் பூச்சைப் போட்டு உள்ளே வருவதை 20 சதவீதமாக்குங்கள். அதே படத்துக்கு விகிதம் 1.8. வேவ்கைடைத் தொடவே இல்லை.

உங்களுடையது எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று சொல்ல எனக்கு நாலு எண் போதும்: தகட்டின் தடிமன், கற்றையின் அகலம், பார்வைக் கோணம், ஐபாக்ஸ் அளவு. அளக்கும்போது மெல்லிய லேசரை மட்டும் நம்பாதீர்கள். முழுக் கற்றையை விட்டு, ஐபாக்ஸ் இருக்கும் தூரத்தில் 3 மி.மீ. துளைக்குப் பின்னால் சென்சரை வைத்து, மையத்திலும் நாலு மூலையிலும் எடுத்துப் போடுங்கள்.